நான்கு விநாடி எருமை

ஈக்காட்டுத்தாங்கலில் மூன்றாம் மாடி.
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு பக்கெட்.
எனக்கு ஒதுக்கியது நான்கு விநாடி:
சிறகுள்ள எருமை ஒன்று
பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து இறங்க வேண்டும்.
தொண்ணூற்றாறு ஃபிரேம்.
இருபத்துமூன்று நாள் ஆனது.

முதல் முறை இறங்கியது
காற்றில் வந்த கேரி பேக் போல.
இரண்டாம் முறை
மாடியிலிருந்து கைநழுவிய பீரோ போல.
இயக்குநர் தேவசித்தம் திரையை உற்றுப் பார்த்துவிட்டு
தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.
"இந்தக் கப்புக்கு இருக்கிற கனம்கூட
உங்க எருமைக்கு இல்லையேம்மா."

கனம் தேடிப் போனேன்.
சிலிண்டர் போடுகிறவர் தோள் மாற்றும்போது
எந்த முட்டி முதலில் மடங்குகிறது என்று பார்த்தேன்.
அவர் என்னைப் பார்த்த விதம் சரியில்லை.
துரைப்பாக்கம் ரேடியல் சாலை நடுவே
நிஜ எருமைகள்
நான்கு ஐடி கம்பெனி பேருந்துகளை நிறுத்திவைத்துவிட்டு
அசை போட்டுக்கொண்டிருந்தன.
எழும்போது பின்பாதி முதலில் எழுகிறது.
முன்பாதி சற்று யோசித்துவிட்டு வருகிறது.
அந்த யோசனை பதினொரு ஃபிரேம்.
செல்போனில் ஓட்டி ஓட்டி எண்ணினேன்,
ஹாரன்களுக்கு நடுவே.

கடைசியில் கிடைத்தது பேருந்தில்.
கிண்டியில் படிக்கட்டுக் கூட்டம்
மொத்தமும் குதித்திறங்க,
அதுவரை சாய்ந்தே வந்த வண்டி
ஒரு பெருமூச்சோடு நிமிர்ந்து,
கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து,
பிறகு தன் உயரத்துக்குத் திரும்பியது.
அந்தக் கொஞ்சம் அதிகம்!
இறங்கி ஓடினேன், மீதிச் சில்லறை வாங்காமல்.

கதை எழுதும் நிலோஃபரோடு எனக்கு வேறொரு சண்டை.
அவள் எருமை நினைத்தபோதெல்லாம் பறந்தது.
"ஆட்டோவுக்கே மீட்டர் இருக்கு,
மாயத்துக்கு வேண்டாமா?"
"மீட்டர் இருக்கு. எவன் போடுறான்?"
இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் ஒரு தாளோடு வந்தாள்.
ஒவ்வொரு முறை பறக்கும்போதும்
அதற்கு ஒரு வாசனை மறந்துபோகும்.
முதலில் வைக்கோல்.
பிறகு தவிட்டுத் தண்ணீர்.
பிறகு குளம்.
கடைசியில், அதன் கன்று.
படித்து முடித்தபோது
பக்கெட் நிரம்பித் தரையெல்லாம் ஈரம்.
ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

போரூரில் ஞாயிறு காலைக் காட்சி.
அரங்கில் நாற்பது பேர் இருந்தால் அதிகம்.
என் நான்கு விநாடி வந்தது.
கொக்குகள் முதலில் அறிந்து எழும்பின.
கோரைப்புல் வெளிப்பக்கமாகப் படுத்தது.
விலகிப்போன தண்ணீர்
தாமதமாக, மனசில்லாமல், திரும்பி வந்தது.
நான் திரையைப் பார்க்கவில்லை.
இருட்டில் நாற்பது முதுகுகள்
கொஞ்சம் அமிழ்ந்து
கொஞ்சம் அதிகமாக நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

இடைவேளை. சமோசா வரிசை.
எனக்கு முன்னால்
ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்த பையன்.
"ம்மா, அது கழுத்துல மணி இருந்துச்சுல்ல?
தண்ணில எறங்கறப்ப ஏன் அடிக்கல?"
"படம்டா அது."
"படம்னு தெரியும்.
மணி ஏன் அடிக்கல?"

கழுத்துக்குள் குத்திக்கொண்டே இருந்த மணியை
ஏழாம் நாள் நான்தான் மறைத்துவைத்தேன்,
அப்புறம் திருப்பிப் போடலாம் என்று.
தேவசித்தம் பார்க்கவில்லை. நிலோஃபர் பார்க்கவில்லை.
ஒலி சேர்த்தவருக்கு இல்லாத மணியின் ஓசை எதற்கு?

எருமை பறக்குமா என்று
அந்த வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை.
அவன்கூடக் கேட்கவில்லை.
மணியை மட்டும் விடுவதாக இல்லை.

விளக்கு அணைந்ததும்
என் இருக்கையை விட்டு
அவனுக்குப் பின்வரிசைக்கு மாறி உட்கார்ந்தேன்.
கன்று இனிமேல்தான் வர வேண்டும்.